‘வியாபாரம் இருக்கும்போது சண்டை எதுக்கு?’ - ஜெர்மனி 50 வருஷம் நம்பிய கணக்கு எங்கே தப்பியது?

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த நாள். அதற்கு முந்தைய வருஷக் கணக்குப்படி, ஜெர்மனி இறக்குமதி செய்த இயற்கை எரிவாயுவில் சுமார் 55 சதவீதம் ரஷ்யாவிலிருந்து வந்தது. வேறு நாட்டிலிருந்து கப்பலில் எல்என்ஜி வாங்கி இறக்கலாம் என்றால், அதற்கு ஜெர்மனியில் ஒரு முனையம்கூடக் கிடையாது. நாட்டின் மிகப் பெரிய எரிவாயுக் கிடங்கு ரேடன் என்ற ஊரில் இருக்கிறது. அது ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்தின் கையில் இருந்தது. போர் தொடங்கியபோது அந்தக் கிடங்கு கிட்டத்தட்டக் காலி.

உலகின் 4-வது பெரிய பொருளாதாரம், தன் வீட்டு ஹீட்டருக்கும் ஆலைக்கும் வேண்டிய வால்வை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. எப்படி? யாரும் எச்சரிக்கவே இல்லையா?

எச்சரித்தார்கள். போலந்து எச்சரித்தது, பால்டிக் நாடுகள் எச்சரித்தன, அமெரிக்காவில் ஒபாமா ஆட்சியும் டிரம்ப் ஆட்சியும் எச்சரித்தன. 2018-ல் ஐ.நா. பொதுச் சபையில் டிரம்ப் இதைச் சொன்னபோது, ஜெர்மன் பிரதிநிதிகள் சிரித்த வீடியோ இன்றும் யூடியூபில் கிடைக்கிறது. ‘காசு வாங்கிவிட்டார்கள்’, ‘ஏமாந்துவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அரை நூற்றாண்டு காலம், கட்சி மாறினாலும் பிரதமர் மாறினாலும் மாறாமல் இருந்த ஒன்றை அப்படி விளக்க முடியாது. பெர்லினின் அரசியல்வாதிகள், தூதர்கள், தொழிலதிபர்கள் எல்லாரும் பகிர்ந்துகொண்ட ஒரு நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பதுதான் கதை.

அது என்ன நம்பிக்கை?

ஜெர்மன் மொழியில் ‘வாண்டல் டுர்ச் ஹாண்டல்’ என்பார்கள். ‘வணிகத்தால் மாற்றம்’ என்று பொருள். எதிரியோடு வியாபாரம் பண்ணு. இரண்டு பேருக்கும் லாபம் வந்தால் சண்டைபோட மனசு வராது. போகப்போக அவனும் நம்மைப் போல ஆகிவிடுவான். இவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இதில் வியாபாரம் இல்லை. 1963-ல், பெர்லின் சுவர் எழும்பி 2 வருஷம் ஆகியிருந்த நேரத்தில், எகோன் பார் என்பவர் டுட்சிங் என்ற ஊரில் ஓர் உரை நிகழ்த்தினார். மேற்கு பெர்லின் மேயராக இருந்த வில்லி பிராண்டின் நெருங்கிய ஆலோசகர் அவர். சுவரை நம்மால் இடிக்க முடியாது, அந்தப் பக்கம் இருப்பவர்களோடு பேசி, நெருங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிலைமையை மாற்ற முடியும் என்பது அவர் வாதம். ‘நெருக்கத்தால் மாற்றம்’ என்பதுதான் அவர் சொன்ன சொற்றொடர். அதில் ‘நெருக்கம்’ என்பது ‘வணிகம்’ ஆனது பிற்பாடு. பின்னால் நடந்த பல விஷயங்களுக்கு அந்தச் சின்ன மாற்றம் முக்கியம்.

1969-ல் பிராண்ட் பிரதமரானார். 1970 பிப்ரவரியில் எஸ்ஸன் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேற்கு ஜெர்மனியின் மன்னஸ்மன் நிறுவனம் பெரிய இரும்புக் குழாய்களைத் தரும், ஜெர்மன் வங்கிகள் கடன் தரும், சோவியத் யூனியன் பதிலுக்கு எரிவாயு தரும். அதே வருஷம் டிசம்பரில் பிராண்ட் வார்சாவில், யூத கெட்டோ நினைவிடத்தின் முன் மண்டியிட்டார். 1971-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு. 1973-ல் சோவியத் எரிவாயு மேற்கு ஜெர்மனிக்கு வரத் தொடங்கியது. குழாயும் சமாதானமும் ஒரே கதையின் இரண்டு பக்கங்களாக ஜெர்மானியர் மனதில் பதிந்தது இப்படித்தான்.

ஒரு தடவை ஜெயித்ததுதான் சிக்கல்

1980-களின் தொடக்கத்தில் சைபீரியாவிலிருந்து இன்னொரு பெரிய குழாய் வந்துகொண்டிருந்தது. அமெரிக்க அதிபர் ரீகன் கடுமையாக எதிர்த்தார். இதை வைத்து மாஸ்கோ உங்களை மிரட்டும் என்றது வாஷிங்டன். 1982-ல் ஐரோப்பிய நிறுவனங்களைக்கூடப் பாதிக்கும் தடைகளை அறிவித்தது. ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் மறுத்தார். ரீகனின் நெருங்கிய தோழியான மார்கரெட் தாட்சரும் அந்தத் தடையை எதிர்த்தார். சில மாதங்களில் அமெரிக்கா பின்வாங்கியது. பனிப்போர் முடியும் வரை எரிவாயுவும் நிற்கவில்லை.

1989-ல் சுவர் விழுந்தது. 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. ஒரு குண்டு வெடிக்கவில்லை.

அந்தத் தலைமுறை ஜெர்மன் அரசியல்வாதியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஊரே ‘வேண்டாம்’ என்றது. நீங்கள் செய்தீர்கள். முடிவு உங்கள் பக்கம் வந்தது. 20 வருஷம் கழித்து அதே அமெரிக்கா, அதே வார்த்தைகளில் எச்சரித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? ‘போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?’

சுவர் விழுந்ததற்கு உண்மையிலேயே குழாயும் நெருக்கமும்தான் காரணமா என்று போலந்துக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். சாலிடாரிட்டி தொழிற்சங்கம் சிறைக்குப் போய்ப் போராடியது, கோர்பசேவ் படை அனுப்ப மறுத்தது, சோவியத் பொருளாதாரம் நொடித்தது என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருப்பார். ஒரே ஒரு வெற்றி, அதற்குப் பல காரணங்கள். ஜெர்மன் மேல்தட்டு தனக்குப் பிடித்த காரணத்தை எடுத்துக்கொண்டது. இன்னொரு வித்தியாசத்தையும் கவனிக்கவில்லை. 1970-களின் சோவியத் தலைமை இருப்பதைக் காப்பாற்ற நினைத்தது. புதின் இழந்ததைத் திரும்பப் பெற நினைத்தார்.

எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது

ஒரு நம்பிக்கை இவ்வளவு நாள் தாங்க வேண்டுமானால், அது சரியாக இருந்தால் மட்டும் போதாது. பல பேருக்குப் பயன்பட வேண்டும். ரசாயன ஆலைக்கும் எஃகு ஆலைக்கும் குழாய்வழி எரிவாயு கிடைத்தது. இடதுசாரிகளுக்கு அது பிராண்ட் விட்டுச் சென்ற சமாதானச் சொத்து. வலதுசாரிகளுக்கு ஏற்றுமதி. 1952-லிருந்தே கிழக்கு ஐரோப்பிய வணிகத்துக்கென்று தொழில்துறையின் தனிக் குழு ஒன்று இயங்கிவந்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் குழுவுக்குக் கதவு திறந்தது.

இதற்கெல்லாம் மேல் குற்ற உணர்ச்சி. இரண்டாம் உலகப் போரில் சோவியத் மக்கள் 2 கோடிக்கும் மேல் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் ஒரு பேட்டியில் ஜெர்மன் அதிபர் ஸ்டெய்ன்மையர் இதைக் குறிப்பிட்டுத்தான், எரிசக்தி உறவு ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே எஞ்சியிருக்கும் கடைசிப் பாலங்களில் ஒன்று என்றார். உக்ரைன் தூதர் கொதித்துப்போனார். நியாயமான கோபம். அந்த 2 கோடியில் உக்ரைனியர்களும் பெலாரஸ் மக்களும் லட்சக்கணக்கில் உண்டு. கடனைப் பலரிடம் வாங்கிவிட்டு ஒருவருக்கு மட்டும் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது அது.

சான்று வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது

2001 செப்டம்பரில் புதின் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பேசினார். பெரும்பகுதி ஜெர்மன் மொழியிலேயே. உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

2005 செப்டம்பரில், தேர்தலுக்கு 10 நாள் முன்பு, பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் பால்டிக் கடலடிக் குழாய்க்கான ஒப்பந்தத்தை முன்நின்று நடத்தினார். நார்டு ஸ்ட்ரீம் என்று பின்னாளில் பெயர் பெற்ற குழாய். தேர்தலில் தோற்றார். சில மாதங்களில் அதே குழாய் நிறுவனத்தில் உயர்பதவிக்குப் போனார். போலந்துக்கும் உக்ரைனுக்கும் ரத்தம் கொதித்ததற்குக் காரணம் அந்தப் பதவி மட்டுமில்லை, வரைபடம். பழைய குழாய்கள் அவர்கள் நிலம் வழியாக வந்தன. புதியது அவர்களைச் சுற்றிக்கொண்டு நேராக ஜெர்மனிக்குப் போனது. இனி ஜெர்மனிக்கு எரிவாயு நிற்காமலே அவர்களுக்கு மட்டும் நிறுத்தலாம். 2006-ல் போலந்தின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராடக் சிகோர்ஸ்கி, இதை ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்குபோட்ட 1939 ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டார். பெர்லினில் அதை மிகை என்றார்கள்.

2008-ல் ஜார்ஜியா போர். 2011-ல் முதல் நார்டு ஸ்ட்ரீம் திறப்பு. 2014-ல் ரஷ்யா கிரைமியாவை எடுத்துக்கொண்டது. ஜூலையில் மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். ஐரோப்பா தடை விதித்தது, ஜெர்மனியும் சேர்ந்துதான்.

அடுத்த வருஷம் நடந்ததைப் பாருங்கள். 2015-ல் இரண்டாவது குழாயான நார்டு ஸ்ட்ரீம் 2-க்கு ஒப்பந்தம். அதே வருஷம், ஜெர்மன் ரசாயன நிறுவனமான பாஸ்ஃப், ஒரு சொத்துப் பரிமாற்றத்தில் எரிவாயு வணிகத்தையும் கிடங்குகளையும் காஸ்ப்ரோமுக்குக் கொடுத்தது. ரேடன் கிடங்கு கைமாறியது அப்போதுதான். ஜெர்மன் அரசு தடுக்கவில்லை.

2020 ஆகஸ்டில் அலெக்ஸி நவல்னிக்கு விஷம் வைக்கப்பட்டது. பெர்லின் மருத்துவமனையில்தான் பிழைத்தார். நோவிசோக் என்று உலகத்துக்கு அறிவித்தது ஜெர்மன் அரசேதான். 5 மாதம் கழித்து, 2021 ஜனவரியில், குழாய் கரையேறும் மாநிலமான மெக்லன்பர்க்-முன்பொமரேனியா ஒரு ‘பருவநிலைப் பாதுகாப்பு அறக்கட்டளை’ தொடங்கியது. நார்டு ஸ்ட்ரீம் 2 நிறுவனம் அதற்கு 2 கோடி யூரோ தந்தது. அமெரிக்கத் தடையில் சிக்காமல் குழாய் வேலையை முடிக்க உதவுவதும் அதன் வேலை. பெயரில் மட்டும் பசுமை.

இந்தக் காலத்தில் 16 வருஷம் பிரதமராக இருந்தவர் ஏஞ்சலா மெர்கல். கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர், ரஷ்ய மொழி தெரிந்தவர். புதின் நல்லவர் என்று அவர் நம்பியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆளை நம்பவில்லை, ஆனால் கொள்கை மட்டும் ஓடியது. காரணம், அது அந்நேரத்துக்குள் நம்பிக்கை என்ற கட்டத்தைத் தாண்டி ஏற்பாடாகிவிட்டது. குழாய் போட்டாயிற்று, ஆலை கட்டியாயிற்று, ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2011-ல் அணு உலைகளை மூடுவது என்று முடிவும் எடுத்தாயிற்று. அந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது? மாற்றுக்கு வழி இல்லாதபோது, பழைய நம்பிக்கையைத் தொடர்ந்து நம்புவதுதான் சுலபம்.

பிறகு 3 நாளில் எல்லாம் மாறியது. ஏன்?

2022 ஜனவரியில் உக்ரைன் ஆயுதம் கேட்டது. ஜெர்மனி 5,000 ஹெல்மெட் தருவதாகச் சொன்னது. பிப்ரவரி 22 அன்று பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் நார்டு ஸ்ட்ரீம் 2-க்கான அனுமதியை நிறுத்தினார். 24-ல் படையெடுப்பு. 26-ல் டாங்கி எதிர்ப்பு ஆயுதம் தர முடிவு. 27-ல் நாடாளுமன்றத்தில் ‘யுகத் திருப்பம்’ என்று அறிவித்து, ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ தனி நிதி ஒதுக்கினார். ஹெல்மெட்டுக்கும் இதற்கும் இடையே ஒரு மாதம்தான்.

ரஷ்யா எப்படிப்பட்டது என்பது 2008-லும் தெரியும், 2014-லும் தெரியும். 2022-ல் புதிதாக வந்தது அறிவு இல்லை, பில். அதுவரை தவறான கணக்குக்கு விலை கொடுத்தவர்கள் ஜார்ஜியர்கள், உக்ரைனியர்கள், போலந்துக்காரர்கள். அந்த வருஷம் கோடையில் ரஷ்யா குழாய் அழுத்தத்தைக் குறைத்தபோது, ஜெர்மன் வீட்டு எரிவாயு ரசீதிலும் விலை ஏறியது. மிகப் பெரிய எரிவாயு இறக்குமதி நிறுவனமான யூனிப்பர் திவாலாகும் நிலைக்குப் போய் அரசுடைமையானது. விலையைக் கட்டுப்படுத்த 20,000 கோடி யூரோ வரை ஒதுக்க வேண்டிவந்தது. செப்டம்பர் 26-ல் கடலடிக் குழாய்கள் வெடிக்கவும் வைக்கப்பட்டன.

மாற்று வழி கட்ட எத்தனை வருஷம் ஆகும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்களோ, அது 10 மாதத்தில் வந்தது. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் முதல் எல்என்ஜி முனையம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. முடியாது என்று சொல்லப்பட்ட பல விஷயங்கள், முயற்சி செய்து பார்க்கப்படாத விஷயங்களாகத்தான் இருந்தன.

தப்பை ஒப்புக்கொண்டார்களா? ஆளுக்கு ஆள் வேறு. நார்டு ஸ்ட்ரீம் 2-ஐ விடாமல் பிடித்துக்கொண்டது தவறு என்று ஸ்டெய்ன்மையர் 2022 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை என்றார் மெர்கல். 2024-ல் வந்த தன் சுயசரிதையிலும் தன் முடிவுகளை ஆதரித்தே எழுதினார். ஷ்ரோடரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நமக்கென்ன?

இந்தியாவின் கெயில் நிறுவனம் 2012-ல் காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் கிளையோடு 20 வருஷ எல்என்ஜி ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்தக் கிளை, காஸ்ப்ரோமின் ஜெர்மன் துணை நிறுவனத்துக்குக் கீழ் இருந்தது. 2022 ஏப்ரலில் ஜெர்மன் அரசு அந்தத் துணை நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. ரஷ்யா பதிலுக்கு அதற்கு எரிவாயு தர மறுத்தது. விளைவு, கெயிலுக்கு வர வேண்டிய கப்பல்கள் நின்றன. இங்கே உர ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எரிவாயு வெட்டு. பாகிஸ்தானும் வங்கதேசமும் இன்னும் மோசம். ஐரோப்பா கொடுத்த விலையை அவர்களால் கொடுக்க முடியவில்லை, மின்வெட்டில் தவித்தார்கள். பெர்லினில் ஒரு கணக்கு தப்பினால் டாக்காவில் விளக்கு அணையும்.

அதே நம்பிக்கை, வேறு முகவரி: சீனா

2016 முதல் 2023 வரை தொடர்ந்து 8 வருஷம் ஜெர்மனியின் மிகப் பெரிய சரக்கு வணிகக் கூட்டாளி சீனா. ரஷ்யப் பாடம் இங்கே பொருந்தாதா?

2022 அக்டோபர், போர் நடந்துகொண்டிருக்கிறது. ஹாம்பர்க் துறைமுகத்தின் ஒரு முனையத்தில் சீன அரசு நிறுவனமான காஸ்கோ 35 சதவீதப் பங்கு கேட்டது. 6 அமைச்சகங்கள் எதிர்த்தன. முன்னாள் ஹாம்பர்க் மேயரான ஷோல்ஸ், 24.9 சதவீதம் என்று குறைத்து அனுமதி வாங்கிக் கொடுத்தார். சில நாளில் தொழிலதிபர்களோடு பெய்ஜிங்குக்கும் போனார்.

ரேடன் கிடங்கு விஷயத்தில் வந்த அதே பாஸ்ஃப் நிறுவனத்தைப் பாருங்கள். எரிவாயு விலை ஏறியதால், சொந்த ஊரான லுட்விக்ஸ்ஹாஃபனில் அம்மோனியா ஆலை உட்படச் சில பிரிவுகளை மூடுவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தது. மறுபக்கம், சீனாவின் சான்ஜியாங்கில் 1,000 கோடி யூரோ வரை திட்டமிட்ட பிரமாண்ட ஆலையைத் தொடர்ந்து கட்டியது. ஒரு நிறுவனத்தின் பார்வையில் இது தப்பே இல்லை, சந்தை அங்கேதான். நாட்டின் பார்வையில்?

2023 ஜூலையில் அரசு சீனாவுக்கென்று தனி உத்தி ஆவணம் வெளியிட்டது. உறவை முறிக்க வேண்டாம், ஆபத்தைக் குறைப்போம் என்றது. நடைமுறையில் அந்த வேலையை நிறுவனங்களிடமே விட்டது. 2025-ல் பில் வரத் தொடங்கியது. ஏப்ரலில் அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. அக்டோபரில் நெக்ஸ்பீரியா விவகாரம். சீனர்கள் கையில் இருந்த அந்த நெதர்லாந்து சிப் நிறுவனத்தை நெதர்லாந்து அரசு கட்டுப்பாட்டில் எடுக்க, சீனா ஏற்றுமதியை நிறுத்தியது. அதன் சிப்களுக்கான வேஃபர்களில் கணிசமான பகுதி ஹாம்பர்க்கில்தான் உற்பத்தியாகிறது. ஆனால் பேக்கிங்குக்கு சீனாவின் டோங்குவான் போய்த் திரும்ப வேண்டும். சில காசு விலையுள்ள சிப் இல்லாமல் கார் ஆலைகள் நின்றுவிடுமோ என்று ஜெர்மனி பதறியது.

அமெரிக்கா: வேகமாக உடைந்த நம்பிக்கை

இதைவிட ஆழமானது, ‘எதுவானாலும் அமெரிக்கா வந்து காப்பாற்றும்’ என்ற நம்பிக்கை. இன்றைய பிரதமர் ஃபிரீட்ரிக் மெர்ஸ் அதன் மையத்திலிருந்து வந்தவர். அமெரிக்க-ஜெர்மன் நட்புறவு அமைப்பான அட்லாண்டிக்-புரூக்கேவுக்கு 10 வருஷம் தலைவராக இருந்தவர். 2025 பிப்ரவரி 14-ல் மியூனிக் மாநாட்டில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி.வான்ஸ் ஐரோப்பாவைச் சாடினார். 9 நாள் கழித்துத் தேர்தலில் ஜெயித்த இரவில், அமெரிக்காவிடமிருந்து படிப்படியாகச் சுதந்திரம் பெறுவதே முன்னுரிமை என்றார் மெர்ஸ். மார்ச் 18-ல் நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தி, ராணுவச் செலவுக்குக் கடன் உச்சவரம்பைத் தளர்த்தியது. அந்த உச்சவரம்பைத் தொடக் கூடாது என்று பிரசாரம் செய்த கட்சி மெர்ஸுடையதுதான்.

ரஷ்ய விஷயத்தில் 14 வருஷம் எடுத்தது இங்கே 5 வாரத்தில் நடந்தது. ஒரு காரணம், பக்கத்தில் போர் நடக்கிறது. இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: ராணுவத்துக்குச் செலவு செய்தால் ஜெர்மன் ஆலைகளுக்கு ஆர்டர் வரும். பழைய நம்பிக்கையைக் கைவிடுவதில் லாபம் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். சீன விஷயத்தில் இன்னும் அப்படி யாரும் இல்லை.

ரஷ்ய எரிவாயுவை 2027-க்குள் முழுமையாக நிறுத்துவது என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்திருக்கிறது. ஆனால் பால்டிக் கடலடியில் இருந்த 4 குழாய்களில் ஒன்று, நார்டு ஸ்ட்ரீம் 2-ன் ஒரு வரிசை, 2022 வெடிப்பில் தப்பிவிட்டது. உடைந்ததைச் சரிசெய்யலாம் என்று சாக்ஸனி மாநில முதல்வர் மிஷாயேல் கிரெட்ச்மர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் மெர்ஸின் கட்சிக்காரர்தான். மெர்ஸ் மறுத்துவிட்டார். குழாய் இப்போதைக்கு மூடியே கிடக்கிறது.